டிராகுலா வராத டிராகுலா படத்தைப் பார்ப்பது எப்படி?

‘தி பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’ படத்தை வீட்டில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுவதாக இருந்தால், முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: இந்தப் படத்தில் டிராகுலா கிடையாது. தலைப்பில் இருக்கிறான், படத்தில் இல்லை. சொல்லாமல் விட்டால் பாதிப் படம் வரைக்கும் “அவன் எப்பங்க வருவான்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். வராத ஆளுக்காகக் காத்திருப்பவனுக்கு எதிரில் நடப்பது தெரியாது. அறுபது வருஷத்துக்கு மேலாகியும் இந்தப் படத்துக்கு உரிய பேர் கிடைக்காததற்கு முக்கியமான காரணம் இதுதான்.

பிரிட்டனின் ஹாம்மர் கம்பெனி 1958இல் ‘டிராகுலா’ எடுத்தது. கிறிஸ்டோபர் லீ டிராகுலா, அவனை வேட்டையாடும் டாக்டர் வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங். படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. 1960இல் அடுத்தது வந்தபோது குஷிங் இருந்தார், லீ இல்லை. லீ மறுபடி அந்தக் கறுப்பு அங்கியை மாட்டிக்கொண்டு வந்தது 1966இல். லீக்காகப் பார்க்கிறவர்கள் நடுவில் இருக்கிற இந்தப் படத்தைத் தாண்டிக் குதித்துப் போய்விடுகிறார்கள்.

என் கட்சி வேறு. டிராகுலா இல்லாததுதான் இந்தப் படத்துக்குக் கிடைத்த வரம். அவன் இருந்திருந்தால் அவனைத் தவிர வேறு யாரையும் பார்த்திருக்க மாட்டோம். அவன் இல்லாததால் ஒரு அம்மா, ஒரு கிழட்டு வேலைக்காரி, ஒரு வீடு, அந்த வீட்டின் வெளிச்சம் எல்லாம் கண்ணில் படுகின்றன. பார்க்க வேண்டியது அவற்றைத்தான்.

நான் சினிமாக்காரன் இல்லை. சேலத்தில் ரேடியோ செட்டும் லைட்டும் போடுகிற தொழில். இப்போது பையன் பார்த்துக்கொள்கிறான். அப்பா மாடர்ன் தியேட்டர்ஸில் செட் போடும் ஆசாரியாக இருந்தவர். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டுடியோவின் வளைவு மட்டும் இன்னும் நிற்கிறது, அதைத் தாண்டித்தான் மலைக்குப் போக வேண்டும். என் வீட்டுக்காரி மலை மேலே ஒரு பெண்கள் விடுதியில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பார்ப்பது லைட்டும் தட்டியும், அவர் பார்ப்பது சாவியும் ஜன்னல் கொக்கியும். கீழே வருவது எங்கள் இரண்டு பேருடைய கண்ணும் கலந்தது.

இடமும் மெஷினும்

நல்ல பிரதி வேண்டும். இது டெக்னிகலர் படம், பாதி உயிர் நிறத்தில் இருக்கிறது. இணையத்தில் கிடக்கும் மங்கலான, சாம்பல் பூத்த பிரதியில் பார்ப்பதைவிடப் பார்க்காமலே இருக்கலாம். ப்ளூரேயில் பார்க்கும்படியான பிரதி வந்திருக்கிறது. படச் சட்டம் இன்றைய டிவி அளவுக்கு அகலம் கிடையாது, இரண்டு பக்கமும் கொஞ்சம் கறுப்புப் பட்டை விழும். அதை நிரப்புகிறேன் என்று இழுத்துவிடாதீர்கள், எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துப் போவார்கள். டிவியாக இருந்தால் படக் காட்சியை வழவழப்பாக்கும் வசதியை அணைத்துவிட்டு, ‘சினிமா’ என்ற அமைப்பில் வையுங்கள். கடையில் காட்சிக்கு வைத்திருந்த பளபளப்பு அமைப்பிலேயே விட்டால் ரத்தம் தக்காளி சாஸ் ஆகிவிடும்.

புரொஜெக்டரில் போடுவதாக இருந்தால் திரைத் துணிக்குப் பின்னால் ஒரு கறுப்புத் துணியும் கட்டுங்கள். வெறும் வேட்டியோ பெட்ஷீட்டோ கட்டினால் வெளிச்சம் அதைத் தாண்டிப் போய், பின்சுவரில் பட்டுத் திரும்பி வந்து படத்தை மங்கலாக்கும். இது கோயில் திருவிழாவில் படம் போட்ட காலத்துப் பாடம். ஒலி மோனோ. சுற்றிலும் ஸ்பீக்கர் வைத்து அலங்காரம் செய்ய வேண்டியதில்லை. திரைக்கு நேர் கீழே கொஞ்சம் பெரிதாக ஒரே ஒரு பெட்டி போதும். மால்கம் வில்லியம்சன் இசை, ஆர்கன் வாத்தியத்தை அடிவயிற்றில் உணர வேண்டும், சின்ன ஸ்பீக்கரில் அது வராது.

நாங்கள் இதை மலையில், நண்பர் ஒருவரின் காபித் தோட்டத்து பங்களா ஹாலில் போடுவது வழக்கம். ஏற்காட்டில் போடுகிறவர்களுக்குச் சில யோசனைகள். வெளியில், புல்தரையில் போடலாம் என்று ஆசைப்படாதீர்கள். மூடுபனி இறங்கினால் புரொஜெக்டர் வெளிச்சம் பனியிலேயே தங்கிவிடும். திரையில் கறுப்பு என்பதே இருக்காது, எல்லாம் சாம்பலாகிவிடும். ஜன்னலைத் திறந்து வைத்தால் பனியோடு விட்டில் பூச்சிகளும் வரும். அவற்றின் நிழல் திரையில் வௌவால் அளவுக்குத் தெரியும் (படத்தில் வரும் வௌவாலைவிட அது நன்றாகவே இருக்கும், அதைப் பிறகு சொல்கிறேன்). மழைக்காலத்தில் சில்வர் ஓக் கிளை ஒடிந்து கம்பி மேல் விழுந்து கரண்ட் போவது சாதாரணம். பல்பு வைத்த பழைய புரொஜெக்டராக இருந்தால் யுபிஎஸ் இல்லாமல் போடாதீர்கள். சூட்டில் இருக்கும்போது ஃபேன் நின்றால் பல்பு போய்விடும், பல்பு விலை உங்களுக்கே தெரியும்.

கதையை முன்னாலேயே சொல்லுங்கள்

ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் இருந்தால் நடுநடுவே நிறுத்தி விளக்கம் சொல்லாதீர்கள், படம் செத்துவிடும். ஆரம்பிக்கும் முன்பே இவ்வளவு சொன்னால் போதும்: மரியான் என்று ஒரு பிரெஞ்சுப் பெண், பெண்கள் பள்ளியில் ஆசிரியை வேலைக்குப் போகிறாள். குதிரை வண்டிக்காரன் வழியில் ஒரு ஊரில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறான். ஊர்ச் சீமாட்டி ஒருத்தி தன் மாளிகையில் இரவு தங்க அழைத்துப் போகிறாள். அங்கே சீமாட்டியின் மகன் காலில் சங்கிலியோடு அடைபட்டிருக்கிறான். மரியான் இரக்கப்பட்டு அவனை அவிழ்த்துவிடுகிறாள். மிச்சத்தைத் திரையில் பார்க்கட்டும்.

இனி நான் சொல்லப்போவது முழுக் கதையையும் தொடும். பார்க்காதவர்கள் இங்கே நிறுத்தி, 85 நிமிஷம் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். இரண்டாவது முறை பார்க்கும்போதுதான் கீழே இருப்பது உதவும்.

முதல் அரை மணி நேரம்: வீட்டைப் பாருங்கள்

சீமாட்டியின் மாளிகைக்குள் நுழைந்ததும் ஆட்களை விட்டுவிட்டுத் தூண்களைப் பாருங்கள். படிக்கட்டைப் பாருங்கள். எவ்வளவு பெரிய வீடு என்று தோன்றுகிறதா? இல்லை. ஹாம்மர் கம்பெனியின் பிரே ஸ்டுடியோ என்பதே தேம்ஸ் நதிக்கரையில் இருந்த ஒரு பழைய பங்களாவும் அதை ஒட்டிய சின்னச் சின்ன ஷெட்டுகளும்தான். பெர்னார்ட் ராபின்சன் என்பவர் செட்டுக்குப் பொறுப்பு. ஒரு படத்துக்குப் போட்ட தூணையும் வாசலையும் பிரித்து, திருப்பி நிறுத்தி, வேறு நிறம் அடித்து அடுத்த படத்துக்கு வேறு வீடாக்கிவிடுவார். 1958 டிராகுலாவைப் பார்த்துவிட்டு உடனே இதைப் பார்த்தால் “இந்த இடத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே” என்று தோன்றும். அது பிரமை இல்லை.

அப்பா இந்தப் படத்தைப் பார்த்ததில்லை, ஆனால் இந்த வித்தை அவருக்குத் தெரியும். டி.ஆர். சுந்தரம் நடத்திய மாடர்ன் தியேட்டர்ஸில் எல்லாமே ஒரே மதிலுக்குள் நடந்தது. அரண்மனைத் தூண் என்பது மரச்சட்டத்தில் சாக்கு சுற்றி, மேலே பிளாஸ்டர் பூசி, பளிங்கு மாதிரி வண்ணம் அடித்தது. ஒரு படம் முடிந்ததும் உடைத்துப் போடமாட்டார்கள், தட்டிகளைப் பத்திரமாகச் சாய்த்து வைப்பார்கள். ராஜா அரண்மனைக்கு நின்ற தூண் அடுத்த மாதம் கோயில் மண்டபத்துக்கு நிற்கும். செட்டைப் பெரிதாகக் காட்டுவது ஆசாரி கையில் இல்லை என்பார் அப்பா: தூணை முன்னால் நிறுத்தி, ஆளை நடுவில் விட்டு, பின்னால் ஒரு கதவைத் திறந்து வைத்தால் இருபது அடி ஹால் அறுபது அடியாகத் தெரியும். அந்த ஹாலில் கேமரா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முறுக்குத் தூண் ஒன்று எப்போதும் முன்னால் நிற்கும்.

அதே நேரத்தில் சாப்பாட்டு மேசையில் சீமாட்டியாக உட்கார்ந்திருக்கும் மார்ட்டிட்டா ஹன்டையும் கவனியுங்கள். 1946இல் வந்த ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ படத்தில் கல்யாண உடையோடு காலத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மிஸ் ஹாவிஷம் இவர்தான். பேசும்போது குரலில் ஒரு பிசிறு இருக்காது. மகனைப் பற்றிக் கேள்வி வந்தவுடன் மட்டும் முகம் கல்லாகும்.

சங்கிலியும் சாவியும்

மாளிகைக் காட்சியில் எங்கள் வீட்டில் சண்டை வரும். புது இடம், முதல் ராத்திரி. முன்பின் தெரியாத ஒருத்தன் பேச்சைக் கேட்டு, சீமாட்டியின் அறைக்குள் புகுந்து சாவி எடுப்பாளா ஒரு டீச்சர்? “என்னங்க, இவளை என் விடுதியில் ஒரு நாள் வைத்திருக்க மாட்டேன்” என்பார் என் வீட்டுக்காரி. நான் சொல்வது, அந்த இடத்தில் மரியான் செய்வதுதான் நியாயம். சங்கிலி கட்டிய மனுஷனைப் பார்த்தால் சாவியைத் தேடுவதுதானே மனுஷத்தனம்? படம் அந்த நல்ல குணத்தைத்தான் பிடித்துக்கொள்கிறது. பேராசையாலோ திமிராலோ பேயை அவிழ்த்துவிடும் கதைகள் எத்தனையோ உண்டு. இங்கே இரக்கம் அவிழ்த்துவிடுகிறது.

அந்த மகன் பேரன் மைன்ஸ்டராக (பேரப்பிள்ளை இல்லை, ‘Baron’ என்ற பிரபுப் பட்டம்) வருபவர் டேவிட் பீல். லீ மாதிரி நெட்டையாகக் கறுப்பாக உறுமுகிற ஆள் இல்லை. பொன்னிற முடி, மென்மையான குரல், பார்த்தால் நல்ல குடும்பத்துப் பையன். பேரன் பட்டம் என்றதும் பிரமுகர் வீட்டு மாப்பிள்ளைக் களை. இந்த வில்லன் சேலத்துக்காரர்களுக்குப் புதிதில்லை. 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘மந்திரி குமாரி’யில் எஸ்.ஏ. நடராஜன் செய்த பார்த்திபனை நினைத்துப் பாருங்கள். மலை உச்சிக்குப் பெண்டாட்டியை ‘வாராய் நீ வாராய்’ என்று பாடிக்கொண்டே கூட்டிப் போகிறான், தள்ளிவிடுவதற்காக. பாட்டில் இருக்கும் இனிமைதான் அங்கே பயம். பீல் பேசும்போது அதே மாதிரி கேளுங்கள். பல்லைக் காட்டும் இடங்களைவிட, “உன்னைக் கல்யாணம் செய்துகொள்கிறேன்” என்று அவன் நல்ல பிள்ளையாகக் கேட்கும் இடம் எனக்கு அதிகம் உறைக்கும். பேரனைப் பார்த்து ‘டிராகுலா அளவுக்கு இல்லையே’ என்கிறவர்கள் வேறு தராசில் நிறுக்கிறார்கள்.

வெளிச்சம்

இனி என் தொழில் விஷயம், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒளிப்பதிவு ஜாக் ஆஷர். மாளிகையின் ஏதாவது ஒரு இரவுக் காட்சியில் படத்தை நிறுத்துங்கள் (முன்னால் நிறுத்தாதே என்று சொன்னது முதல் முறை பார்ப்பவர்களுக்கு). திரையில் இருப்பது மெழுகுவர்த்தி, கணப்பு நெருப்பு. அப்படியானால் வெளிச்சம் மஞ்சளாக இருக்க வேண்டும். முகத்தில் மஞ்சள்தான் இருக்கும். இப்போது பின்னால் மூலையைப் பாருங்கள். சுவரில் ஒரு பச்சை. திரைச்சீலை மடிப்பில் ஊதா. படிக்கட்டின் அடியில் நீலம். அந்தப் பச்சை எங்கேயிருந்து வருகிறது? எந்த மெழுகுவர்த்தியும் பச்சையாக எரியாது. அறையில் அதற்குக் காரணமே கிடையாது. மறைவில் ஒரு விளக்கை வைத்து, முன்னால் கலர் தாளை மாட்டியிருக்கிறார் மனுஷன்.

சேலம் குகையில் ஆடி மாதம் வண்டி வேடிக்கை நடக்கும். பக்தர்கள் சாமி வேஷம் கட்டி, அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் வருவார்கள். வண்டிகளுக்கு லைட் போடுகிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: காளி வேஷம் கட்டியவர் முகத்துக்கு நேராகச் சிவப்பைப் போட்டால் முகத்தில் வரைந்த கோடு எதுவும் தெரியாது, சிவப்பு மேல் சிவப்பு. முகத்துக்கு வெள்ளை கொடுத்துவிட்டு, பின்னால் இருக்கும் தட்டிக்குச் சிவப்போ பச்சையோ கொடுத்தால்தான் முகம் முன்னால் வந்து நிற்கும், கோபமும் தெரியும். ஆஷர் பெரும்பாலும் செய்வது இதுதான். பயத்தை முகத்தில் பூசாமல் சுவரில் பூசுகிறார். நடிகர் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பார், அவர் பின்னால் இருக்கும் மூலை மட்டும் கெட்டுப்போயிருக்கும். நமக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று தெரியாது.

இன்னொன்று. நிறத்தை எப்போது எடுத்துவிடுகிறார் என்றும் பாருங்கள். பள்ளிக்கூடக் காட்சிகள் பகலில், சீராக, சுத்தமாக இருக்கும். மரியான் அங்கே வந்ததும் நமக்கும் மூச்சு வரும். பிறகு இரவில், ஒரு பெண்ணின் அறைக்குள் அந்தப் பழைய நீலம் மெல்லத் தலைகாட்டும். மாளிகை பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது என்று சொல்ல வசனம் தேவைப்படவில்லை.

கல்லறைக் காட்சி

படத்தில் ஒரே ஒரு காட்சியைத்தான் பார்க்க நேரம் என்றால் நான் இதைத்தான் போடுவேன். பேரன் கடித்துச் செத்துப்போன கிராமத்துப் பெண்ணைப் புதைத்திருக்கிறார்கள். மாளிகை வேலைக்காரி கிரேட்டா (ஃப்ரீடா ஜாக்சன்) அந்த மண்மேட்டில் படுத்துக்கொண்டு, உள்ளே இருப்பவளை எழுந்து வரச் சொல்கிறாள். எப்படிச் சொல்கிறாள் என்று கேளுங்கள். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி மாதிரியே “தள்ளு, தள்ளு, இன்னும் கொஞ்சம்” என்று செல்லம் கொஞ்சுகிறாள், அதட்டுகிறாள். மண்ணிலிருந்து கை வருகிறது. கிரேட்டாவின் முகத்தில் பேரப்பிள்ளையை வாங்கும் பூரிப்பு.

அவள் யார் என்பதை யோசித்தால் காட்சி இன்னும் கனக்கும். சின்ன வயதிலிருந்து பேரனை வளர்த்தவள். அம்மா சங்கிலி போட்டாள், இவள் சோறு போட்டாள். முதலில் சீமாட்டிக்கு விசுவாசமாக இருந்தவள், மகன் விடுபட்டதும் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறாள். ஃப்ரீடா ஜாக்சன் இதைச் சிரிப்பும் அழுகையுமாக, கத்திக் கத்திச் செய்திருக்கிறார். அதிகமாக நடிக்கிறார் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் சாமியாடிகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அப்படித் தோன்றவில்லை.

அம்மா கை

கிரேட்டாவுக்கு எதிர் முனையில் சீமாட்டி. மகன் விடுதலையானதும் முதல் வேலையாகத் தன் அம்மாவையே கடித்துவிடுகிறான். படம் அதைக் காட்டாமல் விடுகிறது. அவன் கூப்பிட, அவள் மறுக்க முடியாமல் அவனோடு போகிறாள், அவ்வளவுதான். பிறகு வான் ஹெல்சிங் மாளிகைக்கு வரும்போது அவள் தானும் காட்டேரியாகி நிற்கிறாள். அந்தக் காட்சியில் மார்ட்டிட்டா ஹன்டின் கையை மட்டும் பாருங்கள். பேசும்போதெல்லாம் வாயை மறைத்துக்கொள்கிறார். பல் தெரிந்துவிடக் கூடாது. ரத்தக் காட்டேரிப் படங்களில் கோரைப்பல் என்றால் காட்டிப் பயமுறுத்துவதற்கு. இங்கே அது ஒரு பெரிய வீட்டுப் பெண்மணியின் அவமானம்.

மகனைத் தானே செல்லம் கொடுத்துக் கெடுத்ததையும், கூடாத கூட்டத்தை வீட்டுக்குள் விட்டதையும், அதில் ஒருத்தன் அவனை இப்படி ஆக்கியதையும், பிறகு அவனை அடைத்து வைத்து இளம்பெண்களைக் கூட்டி வந்து இரையாகக் கொடுத்ததையும் அவள் கதை சொல்லிவிடும். ஊரையும் காப்பாற்ற வேண்டும், பிள்ளையையும் பட்டினி போடக் கூடாது. அவளை வெறுப்பதா, பாவம் என்பதா? படம் முடிவெடுக்காமல் விட்டுவிடுகிறது. விடியும்போது வான் ஹெல்சிங் அவளுக்குக் கொடுக்கும் முடிவு ஒரு வைத்தியர் நோயாளிக்குச் செய்கிற காரியமாக இருக்கிறது.

வார்டன் பார்வையில் பள்ளிக்கூடம்

இந்தப் பகுதி என் வீட்டுக்காரியுடையது. பள்ளியின் தலைவர் லாங் என்பவர் ஆண் விருந்தாளி வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் தாண்டிக் குதிக்கிறார். வந்தவன் பேரன் மைன்ஸ்டர் என்று தெரிந்ததும் குழைந்து நெளிகிறார். “அப்பாவி அப்பன் பழம் வாங்கிக்கொண்டு பிள்ளையைப் பார்க்க வந்தால் நேரம் முடிந்தது என்போம். கார் பெரிதாக இருந்தால் காபி கொடுப்போம். இதைத்தான் எடுத்திருக்கிறான்” என்று சிரிப்பார். ஊரே சீமாட்டிக்குப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டு இருந்ததும், பள்ளி பேரனுக்கு வழிவிட்டதும் ஒரே நோய் என்பது அவர் கணக்கு. பெரிய இடத்துப் பெயருக்கு முன்னால் கேள்வி கேட்க யாருக்கும் வாய் வராது.

மரியானின் தோழி ஜீனா (ஆண்ட்ரீ மெல்லி) சாவதும் இதன் தொடர்ச்சி. அவள் சவப்பெட்டியை லாயத்தில் வைத்துப் பூட்டு போட்டிருக்கிறார்கள். காவல் இருக்கும்போது ஒரு பூட்டு கழன்று கீழே விழுகிறது. திறந்து விழவில்லை, பூட்டியபடியே விழுகிறது. என் வீட்டுக்காரியை இந்தப் படத்தில் நிஜமாகப் பயமுறுத்தியது இது ஒன்றுதான். கொத்துச் சாவியோடு காலம் கழித்தவருக்கு, பூட்டு பூட்டியபடி கழல்வதைவிடப் பெரிய பேய் ஏது? பெட்டியிலிருந்து எழுந்து வரும் ஜீனா பாய்ந்து கடிக்கவில்லை. தோழியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, சிரித்துக்கொண்டே நெருங்குகிறாள். அந்தச் சிரிப்பில் படத்தை ஒரு நொடி நிறுத்திப் பாருங்கள்.

ஓட்டைகளை என்ன செய்வது?

ஓட்டைகள் இருக்கின்றன, நிறையவே. ஆரம்பத்தில் கறுப்பு உடையில் ஒருத்தன் வண்டிக்குப் பின்னால் தொற்றிக்கொண்டு வருவான். ரொம்பப் பெரிய ஆள் போலக் காட்டிவிட்டு அப்படியே மறந்துவிடுவார்கள். பேரனால் வௌவாலாகப் பறக்க முடியுமென்றால் காலில் போட்ட சங்கிலி அவனை எப்படிப் பிடித்து வைத்தது? வடிவம் மாறுவதெல்லாம் மூட நம்பிக்கை என்று இதே வான் ஹெல்சிங்தான் 1958 படத்தில் சொல்லியிருக்கிறார். அந்த வௌவால் பொம்மையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கயிறு தெரியாததுதான் பாக்கி. பணத்திலேயே கண்ணாக இருக்கும் டாக்டர் டோப்ளர் காட்சிகளில் மைல்ஸ் மாலிசன் சிரிப்புக் காட்டுகிறார். எனக்குப் பிடிக்கும், கதை அங்கே கொஞ்சம் படுத்துவிடும் என்பதும் உண்மை. அந்த நேரத்தில் தட்டுவடை செட் பரிமாறிவிடலாம்.

கதையை ஜிம்மி சாங்ஸ்டர் தொடங்கி, பீட்டர் பிரையன், எட்வர்ட் பெர்சி என்று பல கை மாறியிருக்கிறது. தையல் தெரிவதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம். ஓட்டை கண்டுபிடிப்பதை விளையாட்டாக வைத்துக்கொள்ளுங்கள், படம் முடிந்த பிறகு. நடுவில் செய்தால் டெரன்ஸ் ஃபிஷர் காட்சிகளை அடுக்கியிருக்கும் வேகம் தெரியாமல் போய்விடும். ஒரு காட்சியை எங்கே வெட்டிக்கொண்டு அடுத்ததற்குப் போகிறார் என்பதில்தான் இந்த இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். நீட்டவே மாட்டார்.

காற்றாலை

கடைசிப் பத்து நிமிஷம் குஷிங்குடையது. அந்தப் பழைய காற்றாலைக்குள் நடக்கும் சண்டையில் பேரன் வான் ஹெல்சிங்கையே கடித்துவிடுகிறான். வேட்டைக்காரனுக்கே கடி! மயக்கம் தெளிந்து கழுத்தைத் தொட்டுப் பார்க்கிறார். அழவில்லை, கடவுளே என்று கத்தவில்லை. சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பார்க்கிறார். கணப்பில் இரும்பைச் சிவக்கக் காய்ச்சித் தன் கழுத்தில் தானே வைத்துக்கொள்கிறார். பிறகு புனித நீர். வசனம் இல்லை. குஷிங் எப்போதும் கையில் இருக்கும் பொருளோடு நடிப்பவர். அந்த இரும்பை எடுப்பதற்கு முன் ஒரு கணம் தயங்குவார், பாருங்கள். நம்மூரில் தேள்கடிக்கும் நாய்க்கடிக்கும் சூடு வைத்த கதை கேட்டவர்களுக்கு இந்தக் காட்சி புரிய மொழி வேண்டாம்.

பிறகு தீ, ஓட்டம். குஷிங் காற்றாலையின் இறக்கையில் தொற்றிக்கொண்டு, தன் எடையால் அதைத் திருப்புகிறார். நிலவு வெளிச்சத்தில் நாலு இறக்கையும் தரையில் ஒரு பெரிய சிலுவை நிழலாக விழுகிறது, பேரன் அதற்குள் மாட்டிக்கொள்கிறான். லைட்காரனாகச் சொல்கிறேன், நிலவு அந்தக் கோணத்தில் அப்படி ஒரு கூர்மையான நிழலைத் தராது. அதனால் என்ன? படம் முழுக்க மூலையில் காரணமில்லாமல் பச்சை காட்டிய வெளிச்சம், கடைசியில் நேராக வந்து ஆளை அடிக்கிறது. அதற்குத்தான் முன்னாலேயே வெளிச்சத்தைப் பார்க்கச் சொன்னேன்.

தலைப்பில் உள்ள மணப்பெண்கள், கிராமத்துப் பெண்ணும் ஜீனாவும், எரிகிற ஆலைக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் என்ன ஆனார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அது ஓட்டையா, வேண்டுமென்றே விட்டதா என்பதில் எங்கள் வீட்டில் இன்னும் ஒத்துப்போகவில்லை.

இந்த முடிவுக்கு முன்னால் வேறொரு முடிவு எழுதப்பட்டிருந்தது. வான் ஹெல்சிங் மந்திரம் போட்டு வௌவால் கூட்டத்தை வரவழைத்துக் காட்டேரிகளை அழிப்பதாக. வான் ஹெல்சிங் பில்லி சூனியத்தைக் கையில் எடுக்கிற ஆள் இல்லை என்று குஷிங் மறுத்துவிட்டார். அந்த வௌவால் கூட்டத்தை ஹாம்மர் வீணாக்கவில்லை, 1963இல் வந்த ‘தி கிஸ் ஆஃப் தி வாம்பயர்’ படத்தின் முடிவாக வைத்துக்கொண்டது. அந்தப் படத்தில் டிராகுலாவும் இல்லை, வான் ஹெல்சிங்கும் இல்லை. இது பிடித்திருந்தால் அடுத்ததாக அதைப் போடுங்கள், ஆனால் வேறொரு ராத்திரியில். இரண்டையும் சேர்த்துப் போட்டால் எந்த வௌவால் எந்தப் படத்தில் வந்தது என்று மறுநாள் மலையிறங்கும்போது இருபது கொண்டை ஊசி வளைவிலும் சண்டை நடக்கும்.